சோதனைக்கு உட்கார்ந்த அப்பா

"அவளவிட அவ கூட்டிட்டு வந்த ஆளுதான்டி ரொம்பப் பயந்துபோயிருக்காரு" என்று கதவுக்கு வெளியே யாரோ சொன்னார்கள். கூடவே ஒரு சிரிப்பு, கெட்ட சிரிப்பு இல்லை, தண்ணீர் குடித்துக்கொண்டே சிரிக்கிற மாதிரி. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி மேசை ரெக்சினின் கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருப்பதில் எங்கள் இரண்டு பேருக்குமே நல்ல பழக்கம். உளவியல் ஆய்வகம் என்றால் வெள்ளை எலியும் கண்ணாடிக் குடுவையும் இருக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். இங்கே இருப்பது மரத்தட்டி வைத்துப் பிரித்த மேசைகள், மேசைக்கு இரண்டு நாற்காலி, சோதிப்பவருக்கு ஒன்று, சோதிக்கப்படுபவருக்கு ஒன்று. செய்முறைத் தேர்வு எழுத வருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஆளைக் கையோடு கூட்டி வரவேண்டும். அந்த ஆளுக்கு எங்கள் துறையில் சப்ஜெக்ட் என்று பெயர். காலையில் துறை வாசலில் தம்பிகளும் சித்திகளும் எதிர்வீட்டு அக்காக்களும் ஹாஸ்டல் தோழிகளுமாகக் கல்யாணப் பந்திக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். எனக்கு ஜெசிந்தா வந்திருக்க வேண்டும், என் அறைத்தோழி, வேதியியல் படிக்கிறவள். அவளுக்கு அம்மை போட்டு, சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்விட்டாள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் போய் எதிரில் நிற்கவேண்டும், பேச்சை ஆரம்பிக்கவேண்டும், அவர்கள் முகத்தில் யோசனை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அப்படி நிற்காமல் கேட்கக்கூடிய ஒரே ஆள் அப்பா. ஃபோனில் "அப்பா, வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை, நீங்க வந்து பதில் சொல்லணும்" என்றேன். "நானா?" என்றார். கொஞ்சம் கழித்து "சரிம்மா" என்றார். எங்கள் இருவருக்கும் அது நீளமான உரையாடல்.

கோவில்பட்டியில் ஜவுளிக்கடையில் வேலை என்று சொன்னதும் வாசலில் நின்று "வாங்கக்கா, என்ன பாக்கீங்க" என்று கூப்பிடுகிற ஒருவரை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்பாவைச் சேர்த்த புதிதில் முதலாளி அப்படித்தான் நிறுத்திப் பார்த்தாராம். அக்காக்கள் தாமாகவே உள்ளே வந்து தாமாகவே போனார்களாம். பிறகு மாடியில் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார், பொட்டலம் பிரித்து விலைச்சீட்டு ஒட்டுகிற வேலைக்கு. அங்கே அப்பாவுக்கு நிம்மதி. பேருந்தில் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவர். உறவில் கல்யாணம் என்றால் போன உடனே ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார், பந்தி முடிந்ததும் அம்மா போய்த் தேடிக் கூட்டி வரவேண்டும். "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று என்னைச் சொல்வார்கள். உரித்து வைப்பது என்றால் எதை உரிப்பது, தோலையா, தோலுக்குள் இருப்பதையா என்று இந்தப் படிப்புக்கு வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முடி வெட்டி, காதோரம் பவுடர் தெரிய வந்திருக்கிறார். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார். அதனால் கேள்விகளை நான் படிக்க அவர் வாயால் பதில் சொல்லவேண்டும். மற்ற மேசைகளில் பேனாச் சத்தம் மட்டும்தான், எங்கள் மேசையில் மட்டும் பேச்சு. பேச்சே வராத இரண்டு பேரின் மேசையில்.

தட்டிகளுக்கு நடுவே ஒரு செருப்புச் சத்தம் போய்ப் போய் வருகிறது. வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர், எல்லோருக்கும் எக்ஸ்டர்னல் மேடம். கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், நரைத்த முடியில் ஒரு கிளிப். போன பருவத்திலும் இவர்தான் வந்தார். என்னைப் பார்த்து "ஆளுமைன்னா என்ன, உன் வார்த்தையில சொல்லு" என்றார். முதல் வகுப்பில் சொல்லித்தருகிற கேள்வி. எனக்கு அந்த ஒரு கேள்விக்கு ஏழெட்டுப் பதில் தெரியும். கனவுகளை ஆராய்ந்த வியன்னாக்காரர் சொன்னது, அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் சொன்னது, குணங்களை ஐந்து பெட்டியில் போட்டவர்கள் சொன்னது, எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒன்றுமே வெளியே வரவில்லை. மேடம் காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார், அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு "சரி, போ" என்றார். வீட்டில் ஒரு பேப்பர் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அப்பா "போனாப் போகுது" என்றார். இன்றைக்கும் நின்றால் பட்டம் கையில் வராது. பட்டம் வராவிட்டால் சாத்தூரில் ஜூன் மாதம் சேரச் சொல்லியிருக்கிற பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிற வேலை. உலகத்தில் எனக்கென்றே செய்த மாதிரி ஒரு வேலை இருந்தால் அதுதான். அந்த வேலைக்குப் போக ஒரே ஒரு தடவை, இந்த மேடத்தின் முன்னால், வாய் திறக்க வேண்டும்.

"புதியவர்களிடம் நீங்களாகவே சென்று பேசுவீர்களா?" என்று வாசித்தேன். சமமான குரலில் வாசிக்கவேண்டும், தலை ஆட்டக்கூடாது, முகத்தில் எதுவும் காட்டக்கூடாது, சோதிப்பவர் சுவர் மாதிரி இருக்கவேண்டும் என்பது விதி. அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். முன்னால் சாய்ந்து, வாயைக் கையால் லேசாக மறைத்துக்கொண்டு, "ஆமா" என்றார். சுவருக்கு ஒரு விரிசல் விட்டது. விழாக்களில் கலகலப்பாக இருப்பீர்களா. "ஆமா." கூட்டத்தில் உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்வீர்களா. மேடத்தின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். சத்தம் போனதும் மறுபடி சாய்ந்து, "ஆமா, ஆமான்னு போடு" என்றார். நான் போட்டேன். என் கை போட்டது. எனக்குள் தேங்காய் மூட்டைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அப்பா பொய் சொல்கிறார். அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது, ஒரு தடவை அத்தை வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே காய்ச்சலில் படுத்தவர். இந்த மாதிரி வினாத்தாளில் நடுநடுவே பொய்யைக் கண்டுபிடிக்கிற சில கேள்விகளை ஒளித்து வைத்திருப்பார்கள், நல்லவர் வேஷம் போடுகிறவர் அதில் மாட்டிக்கொள்வார். அப்பா மாட்டிக்கொள்ளப் போகிறார்.

வேஷம் என்று நினைத்தது தப்போ என்னவோ. மனிதனுக்கு இரண்டு நான் உண்டு, இருக்கிற நான், ஆக ஆசைப்படுகிற நான், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் வலி என்று ஒரு கொள்கை. வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்து, தும்மல் மாதிரி மறைத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் ஆக ஆசைப்படுகிற ஓர் அப்பா இருந்திருக்கலாம். வாசலில் நின்று அக்காக்களைக் கூப்பிடுகிற அப்பா, ஓடுகிற பேருந்தில் குரல் கொடுக்கிற அப்பா. மாடியில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே இத்தனை வருஷமாக அந்த ஆளை யாருக்கும் தெரியாமல் வளர்த்துக்கொண்டிருந்தாரா? "பிறரைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பீர்களா?" என்றேன். அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பு, பெருமைச் சிரிப்பு. "ஆமா. நல்லா வரும்" என்றார். யாரை நடிப்பார்? முதலாளியையா? ஆளில்லாத சரக்கு அறையில், சேலைக் கட்டுகளுக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து முதலாளி மாதிரி ஒருவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வியன்னாக்காரர் மனசை மூன்று மாடியாகக் கட்டினார், கீழ்த்தளம் இருட்டு என்றார். அப்பா விஷயத்தில் மேல்மாடி அல்லவா இருட்டாக இருந்திருக்கிறது, நான்தான் ஒரு நாளும் ஏறிப் பார்க்கவில்லை. முதலாளி முகத்தோடு அப்பாவை நினைக்க நினைக்கச் சிரிப்பு முட்டியது. சுவர் சிரிக்கக்கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் படித்தேன். "உங்களுக்கு நெருங்கிய நண்பர்கள் பலர் உண்டா?"

"ஆமா" என்றார் அப்பா. "நாசரேத்துப் பிள்ளை, பர்கானா, அப்புறம் அந்த மெஸ்ல தோசை ஊத்துத அக்கா."

நான் வாசித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் இருந்தன, வரிகள் இருந்தன. நாசரேத்துப் பிள்ளை ஜெசிந்தா. பர்கானா எங்கள் பக்கத்து அறை. மெஸ் அக்கா எனக்கு மட்டும் ஓரம் முறுகலாக ஊற்றித் தருகிறவர். குரலைச் சுவராக வைத்துக்கொண்டு, "யாருக்குப்பா நண்பர்கள்?" என்று கேட்டேன், கேட்கக்கூடாத கேள்வி. அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒனக்குத்தாம்மா. பரீட்சை ஒனக்குத்தான? கேள்வித்தாள்ல நீங்கன்னு போட்டா பரீட்சை எழுதுத பிள்ளையத்தான கேக்கும்?" என்றார். பிறகு குரலை இன்னும் தணித்து, "அந்த அம்மா பாக்காப்ல தெரியலை, நீ வெரசாப் படி" என்றார். அப்போதுதான் புரிந்தது, இவ்வளவு நேரமும் அவர் எனக்குப் பிட் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் உதவிக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறார்கள், தன் மகள் தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், விட்டுவிடக்கூடாது. அம்மா வேறு சொல்லி அனுப்பியிருப்பாள். நான் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது தலைமையாசிரியை "பொண்ணு எப்படி, நல்லாப் படிப்பாளா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார், நானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றேன், சயன்ஸ் குரூப் வேறு யாருக்கோ போனது. "நாலு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதாக்கும்" என்று அம்மா பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு அப்பா அந்த நாலு வார்த்தையைச் சொல்ல வந்திருக்கிறார், முடி வெட்டி, பவுடர் போட்டு.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சோதனை கெட்டுப்போனது, பதில்கள் யாரைப் பற்றியவை என்பதே மாறிப்போனது, மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான் நிறுத்தவில்லை. போய்ச் சொல்லப் பயந்து மட்டும் இல்லை. எனக்குக் கேட்க ஆசையாக இருந்தது. என்னை யாரும் இப்படி வரிவரியாகச் சொன்னதே இல்லை. அப்பா சொல்வது நானா என்றே தெரியவில்லை. புதியவர்களிடம் போய்ப் பேசுகிறவளாம், விழாவில் கலகலப்பாம். மகள் என்பதால் நல்லதாகச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் படித்தேன். "சிறிய விஷயங்களுக்கும் மனம் புண்படுவீர்களா?" அப்பா ரெக்சின் கிழிசலை மூடி மூடித் திறந்தார். "இதுக்கு மார்க் குறைப்பாங்களா?" என்றார். நான் பேனாவைக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டேன். "ஆமா" என்றார். "ஆனா வெளிய காட்டிக்காது பிள்ளை. பொறவாசல்ல போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்துரும். அதைப் போட எடம் இருக்கா?" இடம் இல்லை, 'ஆமா', 'இல்லை' என்று இரண்டே கட்டம்தான். பின்வாசல் குழாயடியில் நான் முகம் கழுவுவது அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கே தெரியாது. அப்படியானால் இவர் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அந்தக் கலகலப்பு எங்கிருந்து வந்தது? "நடிச்சுக் காட்டுவேன்னு எப்படிப்பா தெரியும்?" என்றேன், விதியெல்லாம் எப்போதோ போய்விட்டது. "நீ ஃபோனைக் கட் பண்ண மறந்துருவே" என்றார் அப்பா. "நாங்களும் வைக்காமக் கேட்டுட்டு இருப்போம். வார்டன் மாதிரிப் பேசுவியே, 'லைட்ட அணைங்கடி கழுதைகளா'ன்னு. அம்மா சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் புரையேறிட்டு ஒருநாளு."

குணம் ஆளுக்குள்ளே இல்லை, ஆள் நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. அதைப் படித்தபோது இது என்ன கொள்கை, ஆளே இல்லாமல் போய்விட்டாரே என்று கோபமாக வந்தது. கூச்சம் என் எலும்பு என்றே நம்பியிருந்தேன், அப்பாவிடமிருந்து வந்த எலும்பு. வீட்டில் நான் பேசமாட்டேன், அப்பாவும் பேசமாட்டார், ஒருவரைப் பார்த்து ஒருவர் இப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்த மாதிரி. அந்த நேரத்திலெல்லாம் இவர் இன்னொரு என்னை, இன்னொரு செண்பகவல்லியைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், ஃபோன் வழியாகக் கசிந்து வந்ததைத் துளித்துளியாக. எனக்கே அவளை அறிமுகம் இல்லை. வார்டன் குரலில் கத்தும்போது கத்துகிறவளை நான் பார்ப்பதில்லையே, உள்ளே இருந்து பார்த்தால் நாக்குதான் தெரியும். அப்படியென்றால் அப்பா சரக்கு அறையில் என்னவாக இருப்பார் என்று எனக்கு ஏன் தெரியவில்லை? அவர் ஃபோனைக் கட் பண்ண மறப்பதே இல்லை. "உங்களை மற்றவர்களைவிடக் குறைந்தவராக நினைப்பதுண்டா?" என்ற கடைசிக் கேள்வியைப் படித்தேன், படிக்கும்போதே ஏன் படித்தோம் என்று இருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. "அது எனக்குத் தெரியலையேம்மா" என்றார். "உள்ள என்ன நினைக்கேன்னு எப்படிச் சொல்ல? அத நீயே போட்டுக்கோ."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கூட்டிப் பார்த்தால் புறமுக அளவில், கூட்டத்தோடு கலந்து பழகுகிற குணத்தில், மேல் நுனி, அரசியல் மேடையில் ஏறுகிறவர்களுக்கு வருகிற அளவு. சப்ஜெக்ட் ஆறுமுகநயினார், ஆண், சரக்கு அறை ஊழியர். எதிரே அவர் நாற்காலி நுனியில், முழங்கால்மேல் இரண்டு கையும் வைத்து, கூப்பிட்டால் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கண் இருக்கிற யாரும் இந்தத் தாளையும் இந்த ஆளையும் சேர்த்து வைத்து நம்பமாட்டார்கள். மேடத்துக்குக் கண் இருக்கிறது. வந்து கேட்பார். நடந்ததைச் சொன்னால் சப்ஜெக்ட் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லவேண்டும், அப்பா காது கேட்கச் சொல்லவேண்டும். இந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எனக்காக வாய் திறந்திருக்கிறார், அதுவும் தப்பு என்று தெரிந்தால் அதோடு மூடிக்கொள்வார். 'நான் போய்ப் பிள்ளை பரீட்சையைக் கெடுத்துட்டேன்' என்று மாடியில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே எத்தனை வருஷம் நினைப்பார். சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருப்பது எனக்கு வரும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மேடம் காத்திருந்து பார்த்துவிட்டு சரி, போ என்பார், சாத்தூர் போகும், அப்பா போனாப் போகுது என்பார், அப்பாவுக்கு வலிக்காது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இது அப்பாவைக் காப்பாற்றுவதா, என் பழைய பயம் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறதா? ஒவ்வொருவரும் வெளியே போகும்போது ஒரு முகமூடி மாட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்னவர், அடக்கம் என்ற முகமூடியும் உண்டு, அன்பு என்ற முகமூடியும் உண்டு என்று சொன்னாரா, நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லையா? செருப்புச் சத்தம் நின்றது. எங்கள் தட்டிக்கு அருகில்தான் நின்றது.

மேடம் தாளை எடுத்துப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்துவிட்டார், கை தானாகக் கும்பிட்டது. "உக்காருங்க சார்" என்றார் மேடம். அப்பா உட்காரவில்லை. "இதுல வந்திருக்கிற ஸ்கோரைப் பாத்தா எங்க காலேஜ் எலெக்‌ஷன்ல நிக்கலாம் போல இருக்கே நீங்க. அவ்வளவு கலகலப்பான ஆளா சார்?" குரலில் கிண்டல் இருந்தது, கொடுமை இல்லை. அப்பா சிரித்தார். அந்தத் தலைமையாசிரியை முன்னால் சிரித்த அதே சிரிப்பு, உதடு மட்டும். பிறகு என்னைப் பார்த்தார், தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பாதி தெரிந்த பார்வை. மேடம் என் பக்கம் திரும்பினார். "போன தடவை வந்த பொண்ணுதான நீ? இன்னிக்கும் நானேதான் பேசிட்டுப் போகணுமா?" என்றார். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு. தொண்டைக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள், வியன்னாக்காரர், பிரிந்து போனவர், ஐந்து பெட்டிக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், வார்டன் குரலும். அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையின் தையல் ஓரத்தில் பவுடர் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது, வெள்ளையில் வெள்ளை, கிட்டே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"மேடம், இது அவரோட ஸ்கோர் இல்லை" என்றேன். என் குரல்தான். பக்கத்துத் தட்டியில் பேனாக்கள் நின்றது கேட்டது. "கேள்வியில வர்ற 'நீங்கள்' யாரைக் குறிக்கும்னு நான் ஆரம்பத்துல விளக்கல. தப்பு என்னோடது. அவர் எல்லாத்துக்கும் என்னைப் பத்திச் சொல்லிட்டார். அதனால இது தன்னைப் பத்தி ஒருத்தர் சொன்ன அறிக்கை ஆகாது. ஆனா இது வீணாவும் போகல மேடம். ஒருத்தரை நல்லாத் தெரிஞ்ச இன்னொருத்தர் மதிப்பிடுற முறை இருக்கு. அப்பா சொன்னதில எனக்கே தெரியாத பதில் நிறைய இருக்கு. என்னால சொல்ல முடிஞ்ச ஒரு பதில் அவருக்குத் தெரியல, அதைத் தெரியலைன்னே சொன்னார், ஊகிச்சுச் சொல்லல. நல்ல மதிப்பீட்டாளர் அப்படித்தான் செய்யணும். அதே கேள்விகளுக்கு நானும் இப்ப பதில் சொல்லுதேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எங்கெங்க ஒத்துப்போகுது, எங்கெங்க விலகுதுன்னு பாக்கலாம். ஆளுமைன்னா என்னன்னு போன தடவை கேட்டீங்க. அந்த விலகுற இடத்துல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லட்டுமா மேடம்?"

மேடம் பாட்டிலை மேசைமேல் வைத்தார். "சொல்லு" என்றார்.

அப்பா தன் நாற்காலியைத் தூக்கி, தரையில் உரசாமல், மேடம் உட்கார வசதியாக அவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.